உள்ளே திறக்கும் கதவு

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொடுப்பார்கள். நம்பாதவர்கள் செய்யூர்ப் பக்கம் வந்து பார்க்கலாம். நான் படிப்பது பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு, கட்டட வரைபடம். முதல் வருஷம் கையால் வரைய வேண்டும், இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும் என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறது. போட்ட புண்ணியவான்கள் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

லேபில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பெட்ஷீட் போர்த்தியிருக்கும். ஆயுத பூஜையன்று போர்வையை எடுத்து, சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்துவிட்டு மறுபடி போர்த்திவிடுவார்கள். தூசி பட்டால் கெட்டுவிடுமாம். எங்கள் கை பட்டால் அதைவிடச் சீக்கிரம் கெட்டுவிடுமாம். அதனால் லக்ஷ்மிநாராயணன் சார் கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நாங்கள் வாய்ப்பாடு மாதிரி உருப்போடுவோம். கோட்டுக்கு எல், என்டர். வட்டத்துக்கு சி, என்டர். பரீட்சையிலும் இதையே பேனாவால் எழுதி மார்க் வாங்குவோம்.

இந்த ஜூலையில் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "யாராச்சும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கம்மா" என்று கேட்டுவிட்டார். வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் பாப்பா எழுந்துபோய் எல் தட்டினாள். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து ஈ, என், டி, ஈ, ஆர் என்று தட்டினாள். நாங்கள் எல்லோரும் கோடு வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். என்டருக்கென்று தனியாக ஒரு பட்டன் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போன பிறகு சார் பாப்பாவை அழ அழத் திட்டினார்.

கையால் வரையும் வகுப்பின் லட்சணம் அதற்கு மேல். முந்தின வருஷத்து அண்ணன்கள் வரைந்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் எங்கள் தாளை வைத்து, வெயில் வெளிச்சத்தில் தெரியும் கோட்டின் மேலேயே கோடு போடுவோம். அந்த அண்ணன்களும் அவர்களுக்கு முந்தின அண்ணன்களுடையதை அப்படித்தான் செய்தார்கள். மழை நாளில் எங்கள் பள்ளியில் யாருக்கும் வரைய வராது.

வரைபடத்தில் கதவு என்றால் ஒரு கோடும் அதன் முனையிலிருந்து ஒரு கால்வட்டமும் போட வேண்டும். அந்தக் கால்வட்டம் எதற்கு என்று நான் சாரைக் கேட்டேன். "அது அழகுக்கும்மா" என்றார். எங்கள் வீட்டுக் கதவு கீல் தளர்ந்து தொங்கிப்போனது. திறந்து மூடித் திறந்து மூடி, சிமென்ட் தரையில் கால்வட்டமாகவே கீறல் விழுந்திருக்கும். அன்று சாயங்காலம் அந்தக் கீறலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கதவு திறக்கும்போது அடைத்துக்கொள்ளும் இடம் அது. அதற்குள் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சார் இருபது வருஷமாக அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆகஸ்டில் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தர வந்தது. கட்டட வரைபடம் படிக்கும் பிள்ளைகளே படம் போடட்டும், ஜெயிக்கிற படத்தைக் கட்டுவோம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது போட்டி. எனக்கு அப்படியில்லை.

இருக்கிற கழிப்பறையின் கதவு புயலில் போனது, திரும்பி வரவில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். என் தங்கை ஹெலன் எட்டாவது படிக்கிறாள். வயசுக்கு வந்ததிலிருந்து மாதா மாதம் அந்த நாட்களில் லீவு போட்டாள். அப்புறம் நீர்க்கடுப்பு வந்து ஜுரத்தில் படுத்தாள். எழுந்ததும், பள்ளிக்கூடத்துக்கு இனிமேல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்பா ஏசுதாஸ் படூரில் ஒரு அப்பார்ட்மென்டில் செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், "நிக்கறதுன்னா நின்னுக்கோ. எறா கம்பெனி வேன் தெனம் நம்ம தெரு வழியாத்தான் போவுது, ஏறிக்கோ" என்றார்.

"புது கக்கூஸ் கட்டப் போறாங்கப்பா" என்றேன் நான். "அதுவரைக்கும் பொறுங்க."

"கட்டட்டும், பார்க்கலாம்" என்றார் அப்பா. அங்கே ஐஸில் இறால் உரிக்கும் பெண்களின் விரல்கள் எப்படி வெந்து புண்ணாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் வெறி பிடித்தது போல வரைந்தேன்.

என் படத்தில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. வரிசையாக அறைகள், கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். கதவுகளுக்கு எதிரே நாலடி நடைபாதை, நடைபாதையை மறைத்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். அந்தப் பக்கம்தான் பையன்கள் கபடி ஆடும் மைதானம், அதைத் தாண்டினால் ரோடு. ஒவ்வோர் அறைக்குள்ளும் குழாய், துணி மாட்ட ஆணி, மூடி போட்ட குப்பைத் தொட்டிக்கு இடம்.

என் வகுப்பில் படிக்கும் ரோஹித்திடம் சொந்த லேப்டாப் இருந்தது. அவன் அப்பா வெங்கடேசன், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். லாரி, ஜல்லி, செங்கல் வியாபாரம். கழிப்பறையைக் கட்டும் வேலையும் அவருக்குத்தான் என்று போட்டிக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பரிசளிக்கும் நாளில் மாமல்லபுரத்தில் ஏதோ ரிசார்ட்டில் மீட்டிங் முடித்துக்கொண்டு கம்பெனிக்காரர் ரஞ்சித்குமார் வந்தார். மைதானத்து ஓரம் போட்ட பந்தலில் ரோஹித் தன் படத்தைத் திரையில் காட்டினான். கழிப்பறையா அது! முன்னால் புல்வெளி, ஈச்சமரம், சிவப்புக் கார் ஒன்று. ஒரு வெள்ளைக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வாசலில் நடந்துபோகிறாள். இதெல்லாம் அந்த சாஃப்ட்வேரில் இலவசமாகக் கிடைக்கும் பொம்மைகள். செய்யூரில் எந்த வெள்ளைக்காரி நாயோடு வந்தாள்? ரஞ்சித்குமார் கைதட்டினார். லக்ஷ்மிநாராயணன் சார் தானே கற்றுக்கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

ரோஹித் ஓர் அறைக் கதவை மவுஸால் இழுத்துத் திறந்து காட்டினான். மூன்றடி அகலம், நாலடி ஆழம் அறை. உள்ளே வெஸ்டர்ன் கம்மோடு. இரண்டரை அடிக் கதவு உள்பக்கம் திறந்து, கம்மோடுக்குள் நுழைந்து, பேய் மாதிரி மறுபக்கம் வந்தது. திரையில் எதுவும் எதன்மேலும் இடிப்பதில்லை. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

நான் எழுந்தேன். "சார், உள்ள போனா அந்தக் கதவை மூட முடியாது. கம்மோடுல இடிக்கும்."

வெங்கடேசன் திரும்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டரே ஒத்துக்கினு கீது, உனக்கு இன்னாம்மா வந்துது?"

"கம்ப்யூட்டரா சார் ஒண்ணுக்குப் போவப் போவுது?"

பையன்கள் வரிசையில் சிரிப்பு. லக்ஷ்மிநாராயணன் சார் "ஜெனிஃபர், உக்காரு! வாய் நீளுது" என்றார். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம். நான் உட்காரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எங்கள் தலைமையாசிரியை மார்கரெட் டீச்சரிடம், "டீச்சர், அவன் படத்தையே தரையில நிஜ அளவுல போட்டுக் காட்டறேன். ஒருத்தர் உள்ள போய்ப் பார்க்கட்டும். சரியா இருந்தா நான் வாயைத் தெறக்கல" என்றேன். டீச்சர் ரஞ்சித்குமாரைப் பார்த்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பண்ணட்டும், ஜாலியா இருக்கும்" என்றார்.

கபடிக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை எடுத்துவந்து மைதானத்தில் ரோஹித்தின் அறையை அவன் போட்ட அளவிலேயே வரைந்தேன். கம்மோடு இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் டிராயிங் போர்டு சரியாக இரண்டரை அடி. அதைக் கதவாகப் பாப்பா நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "கட்டப்போறவரே உள்ள வாங்க சார்" என்று வெங்கடேசனைக் கூப்பிட்டேன்.

நல்ல வளர்த்தியான ஆள். பாப்பா போர்டை உள்பக்கம் தள்ளினாள். பாதியிலேயே நாற்காலியில் இடித்து நின்றது. வெங்கடேசன் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். "மூடட்டுமா சார்?" என்றாள் பாப்பா. மூடினாள். போர்டு அவர் வயிற்றில் இடித்தது. பின்னால் நகர்ந்தார், நாற்காலி முட்டியில் இடித்தது. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றார். அப்போதுதான் கதவு மூடியது. மொத்தப் பள்ளிக்கூடமும் பார்க்க, சுண்ணாம்புக் கோட்டுக்குள், கம்மோடுமேல், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நின்றார்.

சிரித்த சிரிப்பில் காக்கையெல்லாம் பறந்துபோனது. மார்கரெட் டீச்சரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாற்காலியிலிருந்து இறங்கிய வெங்கடேசனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது.

ஆனால் இவர்கள் இதற்கெல்லாம் திருந்துகிற ஜாதியா? "சின்ன கரெக்ஷன்தான்" என்றார் ரஞ்சித்குமார். ரோஹித் இரண்டு தட்டு தட்டினான். கதவு வெளிப்பக்கம் திறந்துகொண்டது, நேராக மைதானத்தைப் பார்த்து.

"பசங்க ஆடற எடம் சார் அது" என்றேன். "முன்னால ஒரு செவுரு வேணும். என் படத்துல கீது, பாருங்க." என் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். "செவுரு வெச்சா பில்டிங் மறைஞ்சிடும்மா. எங்க கம்பெனி போர்டு ரோட்லேர்ந்து தெரியணும். அதுக்காகத்தானே பண்றோம்" என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார். நூற்றுக்கணக்கான பெண் பிள்ளைகள் தெரிந்தாலும் பரவாயில்லை, போர்டு தெரிய வேண்டும்.

ஹெலன் எட்டாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அன்று மட்டும் வா என்று கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். வேனில் ஏறிவிட்டது போலவே இருந்தது அவள் முகம். நியாயம் பேசி இவர்களிடம் ஒரு செங்கல்கூட வாங்க முடியாது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"சார், போர்டு எவ்ளோ பெருசு?" என்றேன்.

"நாலுக்கு ரெண்டு."

"இந்தச் செவுரு முப்பதடி நீளம் சார். முழுசும் வெறும் செவுரு, ஜன்னல்கூட கெடையாது. ரோட்டைப் பார்த்தாப்பல கீது. இதும்மேல உங்க கம்பெனி பேரை எவ்ளோ பெருசா வேணும்னாலும் எழுதிக்கலாம். பஸ்ஸுல போறவங்க படிப்பாங்க."

ரஞ்சித்குமார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் விளக்கு எரிந்தது. "முப்பதடியா?" என்றார். கதவு, குழாய், குப்பைத் தொட்டி எதையும் அவர் பார்க்கவில்லை. அந்த ஒரே சுவருக்காக என் படம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் முதல் பரிசு ரோஹித்துக்குத்தான். கேடயம் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் தந்தார்கள். மறுநாளிலிருந்து லக்ஷ்மிநாராயணன் சார் வகுப்பில் கால்வட்டத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார், பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் மாதிரி.

பொங்கல் கழித்துக் கட்டி முடித்தார்கள். சுவர்மேல் நீலத்தில் கம்பெனி பெயர் ஒவ்வோர் எழுத்தும் ஆளுயரம். கழிப்பறை என்று எங்கேயும் எழுதவில்லை. புதிதாகப் பார்ப்பவன் ஃபேக்டரி என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

திறந்த அன்று மதியம் ஹெலனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் நடைபாதையில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் கபடி பாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு நின்றது. அதற்கப்புறமும் அவள் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் தட்டினேன்.

"இன்னாடி பண்ற உள்ள? வவுறு வலிக்குதா?"

"இல்லக்கா. எல்லாம் ஆயிடுச்சி. சும்மா நின்னுகினு கீறேன்."

"பெல் அடிக்கப் போவுதுடி."

"இங்க யாரும் பாக்கலல்ல? இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்க்கா."

பெல் அடித்தது. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன்.