வாசல் எந்த ஊரில்?

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தச்சர் ஒருவர் புலம்பினார்: "எதிர்வீட்டுக்காரன் பாதி வரிதான் கட்டுறான். கேட்டா, அவன் அடுத்த ஊராம்! பேசாம வாசலை அந்தப் பக்கம் திருப்பிடலாமான்னு பாக்கறேன்." அவர் சும்மாதான் சொன்னார். கதையில் அவர் வீட்டுச் சுவரை இடித்தது நான்.

2
இரண்டு ஊர்களின் எல்லைக்கோடு அவர் கூடத்தின் நடுவே ஒரு... (உவமை சிக்கவில்லை, விடுங்கள்.) கிழக்கு ஊரில் ஆலை கிடையாது, வீடுகளே எல்லாச் செலவையும் சுமக்கவேண்டும். மேற்கு ஊரில் பெரும்பங்கு வரியை ஆலைகளே கட்டிவிடுகின்றன. எல்லைமேல் உள்ள வீடு, வாசல் எந்தப் பக்கமோ அந்த ஊர்க் கணக்கு.

[விதி என் கற்பனை. உங்கள் வீட்டை இடித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.]

மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் தச்சர் கிழக்கு வாசலை அடைத்து, மேற்கில் கதவு வைத்தார். இழைத்து இழைத்துச் செய்த கதவு. மனைவி அசந்துபோவார் என்ற பூரிப்பில் அவருக்குத் தூக்கமே வரவில்லை.

3
(மனைவியைச் சாதுவாக எழுதிப் பார்த்தேன். நடக்கவில்லை. அவர் கிழக்கு ஊர் மன்ற உறுப்பினர்.)

பெட்டியோடு வந்தவர் வாசல் இருந்த இடத்தில் சுவரைப் பார்த்தார். ஜன்னலில் தச்சரின் சிரித்த முகம் தெரிந்தது.

"சுத்திக்கிட்டு வா! இனி நமக்குப் பாதி வரிதான்!"

"நான் எந்த ஊர் மன்றத்துல இருக்கேன்?"

"இந்த ஊர்..."

"இப்ப எந்த ஊர்ல குடியிருக்கேன்?"

தச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வரியை ஏத்தினாத்தான் தெருவிளக்கு எரியும்னு கை தூக்கினவ நான். மூணு தடவை தோத்து ஜெயிச்ச இடம்யா அது! அந்தக் கதவு வழியா உள்ள வந்தா பதவி போச்சு. வரமாட்டேன், போங்க."

4
முடிவு அ: மேற்கை அடைத்துவிட்டுப் பழைய வாசலையே திறப்பது. ("இப்படியொரு கதவை நான் ஜென்மத்துல செஞ்சதில்ல" என்கிறார் தச்சர்.)

முடிவு ஆ: இரண்டு வாசல். இரண்டு ஊரும் வரி கேட்கும். அட போங்கப்பா!

முடிவு இ: மனைவி ஜன்னல் வழியாக ஏறி... (மன்ற உறுப்பினரை ஜன்னலில் ஏற்றினால் என்னைச் சும்மா விடுவாரா?)

5
எனக்குத் தெரியவில்லை. தச்சர் கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறார். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். தூறல் போடுகிறது, அந்த அம்மா இன்னும் வெளியேதான் நிற்கிறார்.