ஜீப்பில் போன இரண்டு மைல்

என் அப்பா ஞானதுரைக்குத் தேனி பஜாரில் இரும்புக்கடை. கால் கிலோ ஆணியைக்கூட இரண்டு தடவை நிறுத்துக் கொடுப்பவர். மேகமலையின் மழைக்காட்டைக் காப்பாற்ற மதுரையில் சில வாத்தியார்கள் குழு அமைத்திருப்பதை எண்பத்து மூன்றில் கேள்விப்பட்டார். குடும்பத்தோடு நடந்து நிதி சேர்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

சின்னமனூரிலிருந்து மலைக்கு இருபத்தைந்து மைல். நடக்கிற மைலுக்குத் தலைக்கு நாலணா என்று பஜாரில் கேட்டார். பஜாருக்கு அது பிடிபடவே இல்லை. நடந்தால் நேர்த்திக்கடனுக்கு நடக்க வேண்டும், காட்டுக்காக யாராவது நடப்பார்களா? "வேதக்காரக நீங்க எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டீக?" என்று, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை வைத்துப் பக்கத்துக் கடை சுயம்புலிங்கம் கேலி செய்தார்.

மளிகைக்கடை அப்துல் காதர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. "மலையில மரம் நின்னாத்தான் நமக்குத் தண்ணி. மைலுக்குத் தலைக்கு ஒரு ரூபா தாரேன். ஆனா முழுசும் நடக்கணும்" என்றார்.

அப்பா, அம்மா சுகிர்தம், பன்னிரண்டு வயதில் நான். இரண்டு நாள் நடை. அப்பா மைல்கல்லை எண்ணிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. முன்னால் போன அப்பா திரும்பி வந்து அதைக் கட்ட உட்கார்ந்தார். பின்னாலேயே வருவதாகச் சொல்லி, என்னை மெதுவாக முன்னே போகச் சொன்னார்கள்.

நடந்து போகிறவரை விட்டுவிட்டு அந்த மலையில் எந்த ஜீப்பும் போகாது. எஸ்டேட் ஜீப் ஹனீபா அண்ணன் என் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"ஒங்கப்பாரு பிடிவாதக்காரரு, ஏற மாட்டேன்னுட்டாரு. நீ ஏறு ஆத்தா."

அட்டை கடித்த கால் எரிந்தது. ஏறிவிட்டேன். இரண்டு மைல் தள்ளி இறங்கி ஒரு பாலத்தில் உட்கார்ந்துகொண்டேன். பதறி ஓடிவந்த அப்பா என்னைக் கண்டதும் பூரித்துப்போனார். "எம்புட்டு நடை நடந்திருக்கா பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

பஜாரில் கடைக்குக் கடை என் பெருமைதான். அப்துல் காதர் மாமா ரூபாயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"முழுசும் நடந்தியா ஆத்தா?"

"என்னையவே முந்திட்டா பாய்" என்றார் அப்பா.

"ரெண்டு மைல் ஜீப்புல போனேன் மாமா" என்றேன்.

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "இருக்கட்டும் பாய். அடுத்த வாரம் வாங்கிக்கிடுறேன்."

வீடு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் என்னை மலைக்குக் கூட்டிப் போனார். அதே ஹனீபா அண்ணன் ஜீப். நான் ஏறிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, என்னோடு அவரும் இறங்கினார்.

"நீங்கதான் நடந்துட்டீகளேப்பா."

"நீ தனியா எப்பிடி நடப்ப?"

அன்று அவர் மைல்கல்லைப் பார்க்கவில்லை. என் நடைக்கு நடந்தார். என் காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து எடுத்தார். ஜெயமங்கலம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் மாங்காய் திருடிய கதையைச் சொன்னார். ஹனீபா அண்ணனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஜீப்பைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு, "ஏறிக்கிடுங்கண்ணே" என்று வளைவுக்கு வளைவு கெஞ்சினார்.

அப்பா போய்ப் பத்தொன்பது வருஷம். ஒழுங்காக நடந்த இருபத்து மூன்று மைலில் எனக்கு ஒரு வளைவும் நினைவில்லை. ஏமாற்றிய அந்த இரண்டு மைலில்தான் அப்பா என் பக்கத்தில் நடக்கிறார்.