கறவை நேரம்

மூன்றாம் சுற்று ஓட்டை எண்ணி முடித்தபோது பள்ளிக்கூட உள்விளையாட்டரங்கின் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது. லவோன் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்க நாற்காலிகளைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த பால்பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாநிலச் சட்டசபைக்கு இந்தத் தொகுதியில் கட்சி சார்பாக யார் நிற்பது என்று தீர்மானிக்கிற மாநாடு. லவோனின் தம்பி கர்ட்டிஸ் ஒரு பக்கம், பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் மறுபக்கம். நூற்றுக்கு அறுபது ஓட்டு வாங்கினால் கட்சியின் ஆதரவு. மற்றவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். யாருக்கும் அறுபது வராவிட்டால் ஆகஸ்டில் கட்சிக்குள் முதல்நிலைத் தேர்தல். அப்போது ஓட்டுப் போடுவது பிரதிநிதிகள் அல்ல, ஊர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு ஆகஸ்டில் கர்ட்டிஸ் தோற்றிருந்தான். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கச் சர்ச்சுக்குக்கூடப் போகாமல் கிடந்தான். "இன்னொரு ஆகஸ்ட என்னால தாங்க முடியாதுக்கா. இங்கயே முடிச்சிரணும்" என்று சொல்லித்தான் இந்த முறை இறங்கினான். லவோனும் பனியில் வழுக்கி விழுந்து எழுந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி அவனுக்கு ஆள் சேர்த்தாள்.

இப்போது கர்ட்டிஸ் நூற்றுக்கு ஐம்பத்து நாலில் நின்றான்.

"தலைவர் அவர்களே, ஓர் ஒழுங்குப் பிரச்சினை!" என்று ஒலிபெருக்கிக்கு ஓடினார் கர்ட்டிஸின் வக்கீல் தொழில் கூட்டாளி நீல். ஓட்டுச்சீட்டை மடித்துப் போடலாமா, மடிக்காமல் போடலாமா என்று விதிப்புத்தகத்தில் தெளிவில்லையாம். ஜனநாயகம் அந்த மடிப்பில்தான் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுகிறதுபோல உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இது அன்றைக்கு ஆறாவது ஒழுங்குப் பிரச்சினை.

அப்போதுதான் லவோனுக்கு உறைத்தது, நீல் கறவை நேரம் வரை இழுத்தடிக்கிறார் என்று. இரண்டு வாரத்துக்கு முன்னால் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே அவள்தான் சிரித்துச் சொன்னாள்: "மார்லிஸ் ஆளுங்க பாதிப் பேரு மாடு வெச்சிருக்கவங்க. நாலு மணி ஆனா நாற்காலில முள்ளு மொளச்ச மாதிரி எந்திரிச்சிருவாங்க பாரு." அவளும் முப்பது வருஷம் மாடு வைத்திருந்தவள், வேடிக்கையாகச் சொன்னாள். நீல் அப்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் அல்ல, பக்கத்து வயல்காரர்கள்.

மூணே முக்காலுக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து எழுந்தார்கள். கறக்கிற மாட்டுக்குக் கட்சி தெரியுமா, மாநாடு தெரியுமா? மடி கனத்தால் அது கத்தும். நாலேகாலுக்குள் பதின்மூன்று நாற்காலி காலி. அவர்களுக்குப் பதில் ஓட்டுப் போடக்கூடிய மாற்றுப் பிரதிநிதிகளும் மாட்டுக்காரர்கள்தான், மதியமே போய்விட்டார்கள்.

பதினாலாவதாகப் பக்கத்துப் பண்ணை ஓரின் எழுந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல் வந்தான். லவோனின் கணவன் ஜீன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஐந்து வாரமும் தன் நாற்பத்தாறு மாட்டையும் கறந்துவிட்டு, இவளுடைய நாற்பதையும் வந்து கறந்துபோனவன். யாரும் கேட்கவில்லை, அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்ட்டிஸ் அப்போது நகரத்திலிருந்து பூங்கொத்து அனுப்பினான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. முகமெல்லாம் சுட்டது.

கதவருகே ஓரினை மறித்தாள். "எங்க கெளம்பிட்ட?"

"எங்கன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

"நீ உக்காரு. நான் போய்க் கறக்குறேன்."

ஓரின் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நான் யாருக்குப் போடுவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். போய் உக்காருய்யா, நேரமாச்சு."

"கடைசி வரிசைல மூணாவது ஒதைக்கும்" என்றான், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

பனி உருகிய ஏப்ரல் சேற்றில் வண்டியை விரட்டிக்கொண்டு இருபது நிமிஷத்தில் அவன் தொழுவத்தை அடைந்தாள். சுவரில் தொங்கிய ரப்பர் காலணி இரண்டு அளவு பெரிது. மடியைத் துடைத்து, முதல் பீச்சு பார்த்து, கறவை இயந்திரத்தை மாட்டினாள். ஐந்து வருஷம் விட்டிருந்தாலும் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாலாவது மாட்டுக்குக் குனிந்தபோது கழுத்திலிருந்து ஏதோ தொங்கி மூக்கில் இடித்தது. பிரதிநிதி அட்டை.

வெளியே வரும்போது அதை வாசல் மேசையில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், அவளுக்குப் பதில் கர்ட்டிஸின் மாற்றாள் ஒருவர் ஓட்டுப் போட்டிருப்பார். மறந்தே போயிருந்தாள். கைபேசி கோட்டுப் பையில் இருந்தது. ஒரு போன் செய்தால் போதும், நீல் ஏதாவதொரு விதியைப் பிடித்து ஆளை உள்ளே விட்டுவிடுவார். லவோன் ஈரக்கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஐந்தாவது மாட்டுக்குப் போனாள்.

ஆறரைக்குக் கர்ட்டிஸ் வந்தான். நல்ல கோட்டு, நல்ல ஷூ, சாணி வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"நூத்திப் பன்னெண்டு ஓட்டு. அறுபத்தெட்டு வேணும். எனக்கு அறுபத்தேழுக்கா." குரல் உடைந்தது. "யாருக்கும் ஆதரவு இல்லன்னு முடிச்சிட்டாங்க. மறுபடியும் ஆகஸ்ட்."

லவோன் அடுத்த மாட்டின் மடியைத் துடைத்தாள்.

"அட்டைய குடுத்திருந்தா அறுபத்தெட்டு. மறந்துட்டியா? மறந்துட்டேன்னு சொல்லு, விட்டுர்றேன்."

அவன் அவளுக்கே ஒரு கதவைத் திறந்துவிட்டான், பாவம். அதன் வழியாகப் போயிருக்கலாம்.

"வரும்போது மறந்துட்டேன்" என்றாள். "நாலாவது மாட்டுலயே பாத்துட்டேன்."

கர்ட்டிஸ் தூணில் சாய்ந்துகொண்டான். இப்போது அவன் வக்கீலாகத் தெரியவில்லை. தோற்றுப்போன தம்பியாகத்தான் தெரிந்தான்.

"நான் ஜெயிச்சிருப்பேன்."

"ஜெயிச்சிருப்ப. நவம்பர்ப் பொதுத்தேர்தலுக்கு இந்த ரோட்டுல ஓட்டுக் கேட்டு வருவ. எவன் மாட்ட விட்டுட்டுக் கதவத் தொறப்பான்? வீட்ல சோறு போட்டுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னேன்டா. அத வெச்சு அவங்கள வெரட்டிட்டீங்களே."

"அது நீலோட யோசனை."

"நீ வேணாம்னு சொன்னியா?"

கர்ட்டிஸ் குனிந்து ஷூவில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினான்.

வெளியே வண்டிச் சத்தம். ஓரின் உள்ளே வந்து, தொழுவத்தில் வேட்பாளரைக் கண்டதும் தயங்கி நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"உனக்கு எதிராத்தான் போட்டேன் கர்ட்டிஸ்."

"தெரியும்."

"மூணாவது ஒதச்சுதா?" என்று லவோனைக் கேட்டான்.

"ஒதச்சிருச்சு." முழங்காலைத் தடவிக் காட்டினாள். "இன்னும் பதினாலு பாக்கி."

கறவை இயந்திரம் தக் தக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கர்ட்டிஸ் மெதுவாகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"ஆகஸ்ட்ல எத்தன மணி வரைக்கும் ஓட்டுப் போடலாம்க்கா?" வேட்பாளனுக்கு விரல்நுனியில் இருக்க வேண்டிய விஷயம், ஆனாலும் கேட்டான்.

"ராத்திரி எட்டு மணி வரைக்கும். எல்லாரும் கறந்து முடிச்சிருவாங்க. அப்ப கேளு."

கர்ட்டிஸ் ஓரின் பக்கம் திரும்பினான். ஓட்டுக் கேட்க வாயெடுத்துவிட்டான்.

"ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றான் ஓரின், அவன் கேட்கும் முன்பே. சுவரிலிருந்து இன்னொரு ஜோடி ரப்பர் காலணியை எடுத்து அவன் முன்னால் போட்டான். "மொதல்ல அந்த ஷூவக் கழட்டு."