இடது ஓரம்

அருணகிரி ஆரஞ்சுப் பழங்களை உரித்து, சுளைகளைப் பித்தளைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தான். ஆஃப்டைமுக்கு இன்னும் கால்மணி இருந்தது. எதிரே அவனுடைய சேலம் கல்லூரியும் திருச்சியிலிருந்து வந்த கல்லூரியும் அந்த வருடத்தின் கடைசிக் கால்பந்துப் பந்தயத்தை ஆடிக்கொண்டிருந்தன. திருச்சிக்காரர்கள் பதினொரு பேர், ஒரு கோல் போட்டிருந்தார்கள். சேலத்துக்காரர்கள் பத்துப் பேர். இடது ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, அவர்களில் யாரும் இல்லை.

அங்கே ஆடியவன் உபகாரசாமி. அரிசிப்பாளையத்துக்காரன். ஆவணியில், முதல் பந்தயம் முடிந்த மறுவாரம், விஷக்காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து போய்விட்டான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது கேப்டன் சண்முகவேல், "அவன் எடத்துல இனி யாரும் வேண்டாம்டா. பத்துப் பேராவே ஆடுவோம்" என்றான். எல்லோரும் அழுதார்கள். அருணகிரியும் அழுதான். அந்த இடத்துக்கு மாற்று ஆட்டக்காரன் அவன்தான் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவில்லை. அவனுக்கு இருந்தது.

சாவுச் செய்தி வந்தபோது அவன் விடுதிக் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கேட்டதும் முதலில் வந்தது அழுகை அல்ல. இடது ஓரம் காலி என்ற நினைப்புதான் வந்தது. வாய் கொப்பளித்துத் துப்புவதற்குள் அது போய்விட்டது. ஆனால் வந்ததை அவன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சண்முகவேலிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்த நினைப்பு முகத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தான்.

அவர்கள் பத்துப் பேராகவே ஆடப் பழகினார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் சண்முகவேல் இடது ஓரத்துக்குப் போய் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதன்பின் பந்து யார் காலுக்கு வந்தாலும் உடம்பு தானாகவே வலப்பக்கம் திரும்பும். அப்படியே ஐந்து பந்தயம் ஜெயித்தார்கள். ஊரே பத்துப் பேர் டீம் என்று பேசியது. அருணகிரி பந்துக்குக் காற்றடித்தான், பழம் உரித்தான். பங்குனியில் பரீட்சை முடிந்தால் பரமத்தி வேலூருக்குத் திரும்பி அப்பாவுடன் வெற்றிலைக் கொடிக்காலில் இறங்க வேண்டும். இன்றைக்கு ஆடாவிட்டால் இனி ஆட்டமே இல்லை.

"தம்பி, இந்தச் சட்டைய யாருகிட்ட குடுக்கணும் சாமி?"

திரும்பினான். உபகாரசாமியின் அம்மா செல்வமேரி. அடக்கத்தன்று பார்த்த முகம். செய்தித்தாளில் சுற்றிய நீலச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இது வேண்டாமுங்க, நீங்களே வெச்சுக்கங்க."

"காலேஜ் சாமானாச்சே. தொவச்சு வச்சிருக்கறேன்." கோட்டருகே உட்கார்ந்தாள். அவளுடைய விரல் அசைந்து ஆட்களை எண்ணியது. "பத்துதான இருக்குது?"

"அவன் எடத்துல யாரையும் போடலீங்க. ஒரு மரியாதைக்குங்க."

ஆஃப்டைம் விசில் ஒலித்தது. அவள் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு அங்கயே போவுது சாமி. காலியா கெடக்கறதப் பாத்தா திரும்பவும் குழி தோண்டி வச்ச மாதிரி இருக்குது." பிறகு அவனைப் பார்த்தாள். "நீ ஆடுவியா?"

"ஆடுவேனுங்க."

"அப்பறம் ஏன் பழம் உரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கற?"

அவன் கையிலிருந்த சுளையைத் தட்டில் வைத்தான்.

ஆட்டக்காரர்கள் சுளைகளுக்குக் கை நீட்டினார்கள். கோல்கீப்பர் சின்னண்ணன், "என்றா வெத்தல, உக்காந்து உக்காந்து வேர் உட்ருச்சாடா?" என்று சிரித்தவன், செல்வமேரியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். அவள் எழுந்து சண்முகவேலிடம் போனாள்.

"இந்தத் தம்பிய உள்ள உடுங்க."

சண்முகவேல் அந்தச் சட்டையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ரெபரியிடம் போனான். ஆள் குறைவாக ஆரம்பித்த டீம் பின்னால் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

அருணகிரி போட்டுக்கொண்ட சட்டையில் சவுக்கார வாசம் அடித்தது. அக்குளில் பிடித்தது. வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி உள்ளே போனான். இத்தனை மாதம் ஆசைப்பட்ட மண். அதைத் தொட்டுக் கும்பிடவும் கூச்சமாக இருந்தது.

பந்து சண்முகவேலிடம் வந்தது. அருணகிரி ஓரமாக ஓடினான். அவன் முன்னால் ஒருத்தரும் இல்லை. சண்முகவேல் வலப்பக்கம் திரும்பினான். அடுத்த முறையும் வலப்பக்கமே. அருணகிரி கை தூக்கினான், கூப்பிட்டான். யாருடைய கழுத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பழகின மாடு மாதிரி அவர்கள் கால் பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. திருச்சிக்காரர்களும் கவனித்துவிட்டார்கள். அவனைத் தடுக்க வேண்டிய ஆள் அவனை விட்டுவிட்டு நடுவுக்குப் போய்விட்டான்.

அவன் பாட்டுக்கு ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். பக்கம் மாறியிருந்ததால் செல்வமேரியும் அந்தப் பக்கம் வந்து, கோட்டுக்கு வெளியே கூடவே நடந்துகொண்டிருந்தாள். வெயில் இறங்கி, சேர்வராயன் மலை கறுக்கத் தொடங்கியது. ரெபரி கடிகாரத்தைப் பார்த்தார்.

நடுவில் சண்முகவேலுக்குப் பந்து கிடைத்தது. அருணகிரி கை தூக்கினான். சண்முகவேலின் தோள் வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

"சாமி! இங்கயும் ஒருத்தன் நிக்கறான் சாமி!"

செல்வமேரியின் குரலுக்குச் சண்முகவேல் திரும்பினான். இடது ஓரத்தில் நீலச் சட்டை, தூக்கிய கை. பந்தின் மேல் பாதத்தை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். திருச்சிக்காரர்கள் மூன்று பேர் அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அருணகிரி கையை இறக்கவில்லை.