மடைக்கரையில் அரைமணி நேரம்

ஜெயிலிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்த வைத்தியம் வெளியிலும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அல்லிநகரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் என் ஸ்கூட்டி போகும்.

ஒச்சாண்டி பதின்மூன்று வருஷம் கழித்து முன்விடுதலையில் வந்தார். காசநோய். முதல் மாதச் சிகிச்சை உள்ளேயே முடிந்திருந்தது. ஐந்து மாதம் பாக்கி. கையில் ஏழு நாள் மாத்திரை இருந்தது. அது தீர்வதற்குள் அவருடைய ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்க ஓர் ஆளும் வேண்டும்.

ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கம். அங்கே புதிதாக மாற்றலாகி வந்திருந்த நர்ஸ், அக்கம்மாளைக் கைகாட்டினார். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். நான் ஒச்சாண்டியின் பெயரைச் சொன்னதும் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"எத்தனை மணிக்குக் குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் கழித்து ஒச்சாண்டியைப் பார்க்கப் போனேன். மனைவியும் மகளும் எப்போதோ திருப்பூருக்குப் போய்விட்டதால் வீட்டில் அவர் மட்டும்தான். நாற்பத்தொரு கிலோ. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மாத்திரை தெனமும் வருதா?"

"வருதும்மா. அதைக் கொண்டாறது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் முறைக்கு நடந்த சண்டையில் மம்பட்டிக் காம்பால் அவர் அடித்துக் கொன்ற வேலுச்சாமி, அக்கம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

பதிவுப் படிவத்துக்காக எல்லாவற்றையும் கேட்டிருந்தேன். இந்த ஒன்றைக் கேட்கவில்லை. நேரே அக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் பயறு உடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. வேற ஆளை மாத்திர்றேன்."

"யாரை மாத்துவீக? காலையில ஆறு மணிக்கு யாரு வருவா?"

"நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா மாத்திருப்பீக. ஆளு கெடைக்கிற வரைக்கும் அந்தாளு மாத்திரை இல்லாமக் கெடந்திருப்பான்."

மறுபடி பயறை உடைக்க ஆரம்பித்தார். நான் ஆளை மாற்றவில்லை. சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, எடை பார்ப்பதற்காக அக்கம்மாளோடு போனேன். கதவு சாத்தியிருந்தது. ஒச்சாண்டி விடிந்ததுமே வாழைத்தோட்டத்துப் பக்கம் போனதாக எதிர்வீட்டுக்காரர் தவசி சொன்னார். அக்கம்மாள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மடைக்குப் பக்கத்தில், வாழைமரங்களுக்குள் உட்கார்ந்திருந்தார் ஒச்சாண்டி. எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

"வேணாம் ஆத்தா. ரெண்டு நாளா வாந்தி. ஒன் கையால வாங்கித் திங்க முடியல என்னால. விட்ரு, இப்பிடியே போய்ச் சேர்ந்துர்றேன்."

அக்கம்மாள் மாத்திரை அட்டையைப் பிரித்தார்.

"போய்ச் சேரு. சீக்கு தீர்ந்த பெறகு போய்ச் சேரு. பாதியில நிறுத்துனா திரும்ப வருமாம். அப்ப வர்றது மருந்துக்கு அடங்காதாம். இந்தா நிக்கிறாகளே கிருபாம்மா, இவுகதான் சொன்னாக. எங்க தெருவுல பதினோரு பிள்ளைக இருக்கு. அவுக மேல இருமுவியா நீ?"

ஒச்சாண்டி கையை நீட்டினார். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"வாயைத் தொற."

திறந்தார். அக்கம்மாள் குனிந்து பார்த்தார். பிறகு, "வாந்தி எடுக்கிறியான்னு பாக்கணும். அரைமணி நேரம் இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு, மடைக்கல் மேல் உட்கார்ந்தார். ஒச்சாண்டி பத்தடி தள்ளிக் கீழே உட்கார்ந்தார்.

வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அக்கம்மாள் தன் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்து, என்னிடம்தான், மெதுவாகச் சொன்னார்.

"இங்கனதான் கெடந்தான்."

ஒச்சாண்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. செல்போனில் மணியைப் பார்த்தார். இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. தம்பி செத்துக் கிடந்த இடத்தில், அவனைக் கொன்றவனுக்கு மருந்து தங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பதினைந்து நிமிஷத்தையும் அவர் உட்கார்ந்தே கழித்தார்.

நான் போடியில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவள். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். என் முன்னால் இருந்தது அது இல்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சைக்கூடச் சத்தமாக விடப் பயமாக இருந்தது.

வாந்திக்கு டாக்டர் வேறு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார், நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒச்சாண்டி ஒரு நாளும் தோட்டத்துக்குள் போகவில்லை. ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வாசலில் நிற்பார். ஐந்தாம் மாதம் வாழைத்தார் வெட்டும் வேலைக்குப் போனார். ஐம்பத்திரண்டு கிலோ வந்துவிட்டார்.

கடைசி நாள் நானும் போயிருந்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு ஒச்சாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கம்மாள் காலி அட்டையை மடித்துப் பையில் போட்டார்.

"நாளைக்குச் சளி டெஸ்ட்டுக்குக் குடுத்துரு. முடிவு வந்ததும் நர்சம்மா சொல்லுவாக."

தெருவில் இறங்கியதும் அவரிடம் கேட்டேன். "அவரை மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"இல்ல" என்றார் உடனே. "ஒங்க ரிப்போர்ட்டுல அப்பிடி எழுதிறாதீக."

டெஸ்ட் முடிவு அடுத்த வாரம் வந்தது. கிருமி இல்லை. போனில் சொன்னபோது அக்கம்மாள், "சரி" என்றார். பின்னால் யாரோ ஒரு பெரியவரிடம், சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லி அவர் அதட்டுவது கேட்டது.