சுபானியைத் தேடச் சொன்னவள்

அழைப்புமணி அடித்தபோது இமெல்டா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் எவ்லின்தான் வெள்ளென வந்துவிட்டாளாக்கும் என்று கதவைத் திறந்தாள். சந்திரமௌலி நின்றார். சுபானியின் புருசன்.

"பயப்பிடாதைங்கோ. ஒரு கதை கதைச்சிட்டுப் போறன்" என்றவர், சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

சுபானி காணாமற்போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடியில் பிறந்தவள். எசன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இமெல்டாவோடு சேர்ந்து துப்புரவு வேலை செய்தவள். யாரோடோ பாரிசுக்கு ஓடிவிட்டாள் என்று சந்திரமௌலி சொன்னார். சனமும் நம்பியது. "வேடத்திதானே, காட்டுக்குணம் போகுமே?" என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ சிரித்தார்கள். வயது வந்தவள், தன் விருப்பத்தில் போயிருக்கலாம் என்று பொலிசும் விட்டுவிட்டது. ஆனால் சுபானிக்குத் தனியே ரயிலேறவே பயம். பாஸ்போட்டும் புருசனிடம்தான் இருந்தது. கடைசியாய் வேலைக்கு வந்த அன்று, காயம் தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அக்கா, நான் ஒரு நாளைக்கு வராட்டி என்னைத் தேடுவீங்களா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் இமெல்டா இன்று காலை பொலிசில் போய்ச் சொல்லியிருந்தாள். மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள் வந்திருந்தான்.

"பொலிசிலை என்னைப் பற்றி ஏதோ சொன்னீங்களாம்" என்றார் சந்திரமௌலி.

திரும்பவும் மீன் கழுவத் தொடங்கியிருந்த இமெல்டாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. காலையில் அந்தப் பொலிஸ் அறையில் தமிழ் விளங்கிய ஆள் ஒருவன்தான் இருந்தான்.

"தேடச் சொன்னனான் அண்ணை. வேறை ஒண்டுமில்லை."

"தேடட்டும். நானும்தானே தேடுறன்." அவர் குரல் உயரவேயில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த எவ்லினின் படத்தைப் பார்த்தார். "மகள் நல்லாய் வளந்திட்டா. பூங்காவடி ட்ராம் தரிப்பிலைதானே இறங்கிறவ? அந்த இடம் அவ்வளவு சரியில்லை. பாத்துக்கொள்ளுங்கோ."

ஆறுதலாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டுச் செருப்போடு இமெல்டா ஓடினாள். மடு மாதாவே, இனி வாயே திறக்கமாட்டேன், என் பிள்ளையை மட்டும் தந்துவிடு என்று படி இறங்கும்போதே நேர்ந்துகொண்டாள். தரிப்பிடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கியது. ட்ராம் இன்னும் வரவில்லை. தான் வாயை மூடிக்கொண்டால் சுபானியைத் தேட இந்த நாட்டில் ஒருவருமே இல்லை என்ற நினைப்பு, அந்தப் பயத்தைவிடப் பெரிய பயமாய் வந்தது.

பொலிசுக்குப் போன் எடுத்தாள். கூட்டித் துடைக்கிற இடங்களில் பொறுக்கிய டொச் மொழியிலேயே, மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், காலையில் வந்தவர் போய்ச் சுபானியின் புருசனிடம் சொல்லிவிட்டார் என்றாள். இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு விளங்கியது. காணாமற்போனவரின் பெயரை டொச் எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.

ட்ராம் வந்து நின்றது. எவ்லின் இறங்கினாள். இமெல்டா அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"என்னம்மா, வீட்டுச் செருப்போடையே வந்தனீங்கள்?"

"எஸ்" என்றாள் இமெல்டா போனுக்குள். "ஊ. பே."

ட்ராம் விலகியது. எதிர்ப்பக்கத்து மேடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குள் சந்திரமௌலியும் நிற்கிறாரோ என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பிள்ளையின் கையை இன்னும் இறுக்கினாள்.

"ஆ" என்றாள், எதிர்ப்பக்கத்து மேடைக்கும் கேட்கிற மாதிரி.