கால்வாய்க்கரைத் தெரு மாப்பிள்ளைகள்

திருவொற்றியூர் கால்வாய்க்கரைத் தெருவில் பிறந்த ஆண்கள் வெளித்தெருப் பெண்ணுக்குக் கட்டும் தாலி நிற்பதில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் முதல் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். கிறிஸ்தவ வீடுகளில் மோதிரம் வழுக்கி விழும். அதே தெருப் பெண்களுக்கு மணலிக்காரன் கட்டினாலும் மலேசியாக்காரன் கட்டினாலும் முடிச்சு நிற்கும்.

கொசு ஆராய்ச்சிக்கு வந்த சுகிர்தம் காரணம் சொன்னார். கால்வாய்க் கொசுக்களின் உடம்பில் ஒரு கிருமி குடியிருக்கிறது. தாய்வழியாக மட்டுமே அது அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆண் கொசு அதற்கு முட்டுச்சந்து. ஆகவே கிருமியுள்ள ஆண், கிருமியில்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாமல் அந்தக் கிருமி பார்த்துக்கொள்ளும். கிருமியுள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரியும். இது தெருவுக்கு எப்படித் தொற்றியது என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டே அவர்கள் ஓய்ந்திருந்தார்கள்.

சங்கரநாராயணன் மட்டும் ஏற்கவில்லை. இரும்பு மொத்த வியாபாரி, நலச்சங்கத் தலைவர், கொசுப்புகை வண்டி வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்பவர். தன் வம்சம் கொசு வம்சமல்ல என்று மேடையில் அறிவித்துவிட்டு, ஒரே மகன் செல்வநாதனுக்கு விருதுநகரில் பெண் எடுத்தார். முகூர்த்தத்தில் முடிச்சை அவரே இறுக்கினார். அவிழ்ந்தது. நான்காவதும் போட்டுப் பார்த்தார். மணப்பெண் தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனாள். செல்வநாதன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் எதிர்வீட்டு எழில்மொழியோடு அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

வம்சம் தன்னோடு நின்றுவிடுமோ என்ற பயத்தில் தலைவர் இரண்டு மழைக்காலம் தூங்கவில்லை. கடைசியில், அதுவரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத எதிர்வீட்டுக்குத் தெருவைக் கடந்து போனார். எழில்மொழியின் அம்மா, இட்லிக்கடை செங்கொடி, மாவு கரைத்த கையைக் கழுவவில்லை.

"குந்து தலைவரே. பொண்ணு குடுக்கறேன். பொறக்கற கொயந்தைக்கு இனிஷியல் மட்டும் என் பொண்ணுது."

"அப்போ என் பேரு?"

"அதான் கடை போர்டுல கீதே, பெருசா."

யோசித்துப் பார்த்ததில் கிருமியும் அதைத்தான் சொல்லியிருந்தது. சம்மதித்தார். முடிச்சு நின்றது, தலைவரே இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

மறுவருஷம் எ. ஷாலு பிறந்தாள். பேரன் இல்லையே என்று முகம் சுருங்கியவருக்கு, அம்மாவின் கிருமியோடு பிறந்த இவள் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது. அடுத்த முறை புகை வண்டி வந்தபோது வழக்கம்போல் அதன் முன்னால் போய் நின்றார். டிரைவர் போட்டோவுக்காகக் காத்திருந்தார்.

"வண்டியைத் திருப்புப்பா" என்றார் தலைவர். "வீட்ல பொம்பளப் புள்ள இருக்கு."

வண்டி திரும்பிப் போனது. தெருவில் கொசு அதிகம்தான்.